நான்காவது நிறுத்தம்

மஞ்சள் குடைதான் என் கொடி.
விரித்தால் கூட்டம் வரும்,
மடக்கினால் கேள்வி வரும்.
திரியெஸ்தே நகரத்தில் பன்னிரண்டு வருடங்களாகக்
காலை பத்து மணிக்குத் தலைகளை எண்ணுகிறேன்.

உப்பளத்தை மூடி எழுப்பிய ஊர் இது என்பேன்.
நீங்கள் நிற்கும் தெரு
ஒரு காலத்தில் பாத்தி.
நம்பாதவர்கள்
சுவரைத் தொட்டு விரலை நக்கிப் பார்க்கலாம்.
ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் நக்குவார்,
முகம் சுளிப்பார்.
அவரை எனக்குப் பிடித்துவிடும்.

முதல் நிறுத்தம் கால்வாய், பாதி தூர்த்தது.
மிச்சப் பாதியைக் கையால்
காற்றில் வெட்டிக் காட்டுவேன்.
இரண்டாவது, காப்பீட்டுக்காரர்களின் மாளிகை.
தூண்கள், சிங்கங்கள்,
மூழ்காத கப்பல்களின் லாபம் அத்தனையும்.
மூன்றாவது, ரோமானியர் அரங்கம்.
அதைக் கண்டெடுக்க இடித்த வீடுகளில்
யார் குடியிருந்தார்கள் என்று
எவரும் கேட்டதில்லை.
கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

நான்காவது இந்த வாசல்.
நிலைக்கு மேலே ஒரு பெண்முகம்.
மூக்கு இல்லை.

ஒரு பிப்ரவரியில்
போரா காற்று மலையிலிருந்து இறங்கி
குப்பைத்தொட்டிகளைக் கடலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது.
வந்தவர்கள் மூன்றே பேர்.
கிராஸிலிருந்து வந்த பல் மருத்துவர்
தொப்பியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு
"யார் இவள்?" என்றார்.
அன்றைக்கு இரண்டு முறை ஏற்கெனவே
தெரியாது என்று சொல்லியிருந்தேன்.
மூன்றாவதற்கு வாய் ஒப்பவில்லை.

ஓர்சோலா, என்றேன்.
உப்பு நிறுப்பவனின் மனைவி.
வரப்போகும் காற்றை
ஒருநாள் முன்னதாகவே முகர்ந்து சொல்வாள்.
அவள் தலையசைக்காமல்
ஒரு பாயும் விரியாது இந்தத் துறையில்.
கப்பலே மூழ்காவிட்டால்
காப்பீட்டை யார் வாங்குவார்கள்?
ஒரு ராத்திரி, ஓர் ஏணி, ஒரு சுத்தியல்.

பல் மருத்துவர் ஐந்து யூரோ கூடுதலாகக் கொடுத்தார்.

கதைக்குக் கால் இல்லை என்றவர்கள்
நடைச்சுற்றுலா அறியாதவர்கள்.
அடுத்த வசந்தத்தில் ஃபுல்வியோ
அதை ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தான்,
உல்லாசக் கப்பல் இறக்கிவிட்ட அறுபது பேரிடம்.
அவனுடைய ஓர்சோலாவுக்கு
ஒரு மகளும் இருந்தாள்.
மூலைக் கடையில்
குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தமாகத் தொங்கினாள்.
இரண்டாம் மாடியில் வீடு வாங்கியவர்
அவளுக்கும் சேர்த்தே விலை கொடுத்ததாகக் கேள்வி.

இந்த வருடம் சாரம் கட்டினார்கள்.
ஒப்புக்கொண்டுவிடலாம் என்று ஏறினேன்.
செப்பனிடுபவள், ஸ்தாங்கா,
தூசிக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தாள்.
"கல்லே இல்லை இது. சிமெண்ட் வார்ப்பு.
பட்டியலில் எண் போட்டு விற்றிருக்கிறார்கள்.
இதே முகம் இன்னும் ஆறு வாசலில் இருக்கிறது."
அவற்றுக்கு மூக்கு?
"இருக்கிறது.
ஆனால் வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி
அந்த மூக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்.
காற்றை முகர்ந்தவளின் மூக்குதான் வேண்டுமாம்."

உடைந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.
விரலால் தொட்டு நக்கினேன்.
உப்பு.

"அசையாதே" என்றாள்.
கவராயத்தின் இரு முனைகளும்
சில்லென்று என் முகத்தைத் தொட்டன.

இப்போதெல்லாம்
மூன்றிலிருந்து நான்குக்கு நடக்கும் ஆறு நிமிடமும்
சொல்வதா வேண்டாமா என்றே நடக்கிறேன்.
இன்று ஒரு சிறுமி
மேலே பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
மறுபடி மேலே.
அவள் வாய் திறக்குமுன்
"நாளைக்குக் காற்று வரும்" என்று எதையோ சொல்லி,
பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழ்
குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.